பத்து மில்லிமீட்டர் சங்கிலியும் இரண்டு மழைக்காலமும்

என் சமையலறைச் சன்னல் திட்டில் உடைந்த சங்கிலிக் கண்ணி ஒன்று கிடக்கிறது. சுண்டுவிரல் தடிமன். ஒரு பக்கம் பற்றவைத்த இடத்தில் பிளந்து வாய் திறந்திருக்கிறது. 2022 நவம்பரில் அது பிளந்தபோது டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் என் மகன். அந்தக் கண்ணியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வாங்கிய சங்கிலியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இரண்டு மழைக்காலம் அதைப் பயன்படுத்திவிட்டேன். இப்போது சொன்னால்தான் சொல்லுக்கு எடை இருக்கும்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்கு வெளியே எங்களுக்குப் பதினோரு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. அப்பா காலத்தில் அதில் பாதி பால்மரம், அதாவது ரப்பர். செபராங் பிறையின் தென்பகுதி மண்ணை அறிந்தவர்களுக்குத் தெரியும்: காய்ந்தால் கல், நனைந்தால் களி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை இறங்கும்போது வாய்க்கால் ஓரப் பாதையில் எந்த வண்டியும் நேராகப் போய் நேராக வராது. குலை ஏற்ற வரும் சின்ன லோரி புதைந்துகொள்ளும். எங்கள் டிராக்டரின் பின்வண்டியே புதைந்துகொள்ளும். போதாததற்கு கனோடெர்மா நோய். அடித்தண்டு அழுகிய மரத்தைச் சாய்த்தால் மட்டும் போதாது. அடிக்கட்டையையும் வேர்க்கொத்தையும் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அதே குழியில் வைக்கும் கன்றுக்கும் நோய் தொற்றும். தோண்டுவதற்கு ஒப்பந்தத்தில் மண்வாரி இயந்திரம் வரும். தோண்டியதை இழுத்துக் கொண்டுபோய் ஓரத்தில் போடுவது எங்கள் வேலை. ஆக வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் சங்கிலிக்கு வேலை உண்டு.

அறுந்த சங்கிலி 13 மில்லிமீட்டர் தடிமன், வெள்ளைப் பூச்சுப் போட்டது. ஊரில் ஓர் இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார்கள். "இதைவிடத் தடிமனானது இங்கே கிடையாது, யானையைக் கட்டலாம்" என்றார் கடைக்காரர். யானையைக் கட்டுவதற்கும் வண்டியை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் வரவில்லையா என்றும் கேட்டார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அதைச் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று லோரி வாய்க்கால் பக்கம் சாய்ந்தபடி புதைந்திருந்தது. முழுப் பாரம். இரண்டு முறை மெதுவாக இழுத்தும் அசையவில்லை. மூன்றாம் முறை மகன் டிராக்டரைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டு, சங்கிலியைத் தொய்யவிட்டு, வேகம் எடுத்தான். எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கொக்கியோடு ஒரு துண்டு பறந்து போய் லோரியின் கதவில் குத்தியது. கதவுக்குப் பக்கத்தில் ஓட்டுநர் தம்பி நின்றிருந்தார். அவர் தோளுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையே என் இரண்டு கைகளையும் விரித்து வைத்தால் சரியாக இருக்கும். நானே அளந்து பார்த்தேன். கதவைச் சரிசெய்யக் கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறைக்காரர் ஒருவர், "அக்கா, பத்து நிமிட வேலை, பற்றவைத்துத் தருகிறேன்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2023 ஜனவரியில் உடைந்த கண்ணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனேன். பழைய சாலையில் சுங்கை பக்காப், சிம்பாங் அம்பாட் தாண்டிப் போக வேண்டும். அங்கே பழைய கடைத்தெருவில், பாரம் தூக்கும் சாமான்களை மட்டும் விற்கும் கடை ஒன்று இருப்பதாக மண்வாரி இயந்திரம் ஓட்டுபவர் சொல்லியிருந்தார். முன்பக்கம் பார்த்தால் கடை என்றே தெரியாது. உள்ளே போனால் சுவர் முழுக்க ஆணி அடித்துச் சங்கிலி சங்கிலியாகத் தொங்குகிறது: சிவப்பு, கறுப்பு, பொன்மஞ்சள், வெள்ளை. எண்ணெய் வாசனை. தவுக்கேக்கு, அதாவது கடை முதலாளிக்கு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்துத் தமிழர்களோடு பழகிப் பழகி மலாய் மொழிக்கு நடுவில் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பேசுகிறார்.

நான் கண்ணியைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். உடைந்த முகத்தில் பாதி பளபளப்பாகவும் பாதி கறுத்துத் துருப்பிடித்தும் இருந்ததைக் காட்டினார். "அக்கா, இந்தக் கறுப்புப் பாதி அன்று உடையவில்லை. பற்றவைப்பு அங்கே முதலிலிருந்தே சேரவில்லை. தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கிறது. பாக்கிப் பாதிதான் இத்தனை நாள் இழுத்தது." அதைக் கேட்டதும் என் கை சில்லிட்டுப் போயிற்று. ஒரு மழைக்காலம் முழுவதும் என் பிள்ளை பாதிக் கண்ணியை நம்பி வண்டி ஓட்டியிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளை அதற்கு முன் எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன இழுக்கப் போகிறீர்கள்? டிராக்டர் என்ன எடை? எவ்வளவு தூரம் தள்ளி நின்று இழுப்பீர்கள்? மரத்தைச் சுற்றிக் கட்டுவீர்களா, கொக்கியில் மாட்டுவீர்களா? எங்கள் டிராக்டர் 2.2 டன் எடை என்று சொன்னேன். அவர் சுவரிலிருந்து கறுப்புச் சங்கிலி ஒன்றை எடுத்து வைத்தார். 10 மில்லிமீட்டர்தான். அறுந்ததைவிட மெலிசு. எனக்குக் கோபமே வந்தது. தடிமனானதே அறுந்துவிட்டது, மெலிசைக் காட்டுகிறாரே என்று.

அவர் ஒரு கண்ணியைத் திருப்பிக் காட்டினார். அதில் 8 என்ற எண் புடைப்பாக அடிக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் தயாரிப்பாளரின் எழுத்துகள். அந்த 8 குறிப்பது கிரேடு 80. சங்கிலியின் வலிமையைச் சொல்லும் எண் இதுதான். கிரேடு எண்ணைப் பத்தால் பெருக்கினால், கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் அறுபடுவதற்கு முன் எத்தனை நியூட்டன் விசை தாங்கும் என்று கிடைக்கும். கிரேடு 80 என்றால் 800. கிரேடு 30 என்றால் 300. கண்ணிக்கு இரண்டு கால்கள் இருப்பதால் பரப்பளவை இரட்டித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து மகனோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது: 10 மில்லிமீட்டர் கிரேடு 80 அறுபடும் சுமை ஏறக்குறைய 12.8 டன். 13 மில்லிமீட்டர் சங்கிலி கிரேடு 30 ஆக இருந்தால்கூட ஏறக்குறைய 8.1 டன்தான். என்னுடைய பழைய சங்கிலியில் எண்ணே கிடையாது. ஆகவே அதற்கு அந்த 8 டன்னுக்கும் உத்தரவாதம் இல்லை. எடையையும் பாருங்கள். 13 மில்லிமீட்டர் ஒரு மீட்டருக்கு 3.8 கிலோ அளவில் இருக்கும். 10 மில்லிமீட்டர் 2.2 கிலோ. ஆறு மீட்டருக்கு 23 கிலோவைத் தூக்கிச் சேற்றில் நடந்தேன், 13 கிலோ போதும் என்ற இடத்தில்; அதுவும் வலிமை குறைந்ததை.

அறுபடும் சுமையைப் பார்த்து ஆசைப்படக் கூடாது என்று தவுக்கே அழுத்திச் சொன்னார். வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு அதில் நான்கில் ஒரு பங்கு. 10 மில்லிமீட்டர் கிரேடு 80க்கு அது 3.15 டன். 8 மில்லிமீட்டருக்கு 2 டன், 13 மில்லிமீட்டருக்கு 5.3 டன். சுவரில் தொங்கிய பொன்மஞ்சள் சங்கிலியைக் கேட்டேன். அது கிரேடு 70, லோரியில் பாரத்தை இறுக்கிக் கட்டுவதற்கு. வெள்ளைச் சங்கிலி வாசல் கேட்டுக்கும் படகுக்கும். நிறத்தை நம்பாதீர்கள், யாரும் எந்தச் சாயமும் பூசலாம், எண்ணைப் பாருங்கள் என்றார். என் சங்கிலியின் இருநூறு கண்ணிகளையும் வீட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இருபது கண்ணிக்கு ஒரு முறை அந்த 8 வருகிறது. பத்து இடத்தில் இருந்தது. சோதனைச் சான்றிதழின் நகலும் கொடுத்தார். அதில் இருக்கும் தொகுதி எண் சங்கிலியில் தொங்கும் தகட்டோடு பொருந்துகிறது. அந்தக் காகிதத்தைப் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.

அன்றைய விலை: ஒரு மீட்டர் 42 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ஆறு மீட்டருக்கு 252. கொக்கி ஒன்று 38 வீதம் இரண்டு. 4.75 டன் வில் வடிவ ஷேக்கல் (ஊசி செருகிப் பூட்டும் இணைப்பு வளையம்) ஒன்று 35. மொத்தம் 363 வெள்ளி. பழையதுக்குக் கொடுத்ததைவிட இரு மடங்குக்கு மேல். பணம் எண்ணும்போது நெஞ்சு கொஞ்சம் இடித்தது. அந்த லோரிக் கதவை நினைத்துக்கொண்டு எண்ணினேன்.

கொக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் சங்கிலிக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கொக்கியில் மிச்சம் பிடிக்கிறார்கள். சங்கிலி கிரேடு 80, கொக்கி பெயர் தெரியாதது என்றால், நீங்கள் வாங்கியது பெயர் தெரியாத கொக்கியின் வலிமையைத்தான். என் கொக்கியில் 10-8 என்று அடித்திருக்கிறது: பத்து மில்லிமீட்டர், கிரேடு 80. ஷேக்கலிலும் சுமை அளவு புடைப்பாக இருக்க வேண்டும்; அதன் ஊசிக்குப் பதிலாக வீட்டில் கிடக்கும் போல்ட்டைச் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே வயிறு கலங்குகிறது. கொக்கியில் இரண்டு வகை உண்டு. குறுகிய வாய் உள்ளது ஒரு கண்ணியை மட்டும் கவ்விக்கொள்ளும், நகராது. சங்கிலியை வேண்டிய நீளத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். கடையில் கிராப் ஹூக் என்று கேளுங்கள். அகன்ற வாய் உள்ளதில் சங்கிலி வழுக்கி ஓடும். அடிக்கட்டையைச் சுற்றிப் போட்டு இழுத்தால் தானாகச் சுருக்கு இறுகும். நான் ஒரு முனைக்கு ஒன்று, மறுமுனைக்கு மற்றொன்று என்று வாங்கினேன். இது தவுக்கேயின் யோசனை, மிக நல்ல யோசனை. சுருக்குப் போட்டு இழுக்கும்போது மட்டும் 3.15 டன்னில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். கண்ணி வளைந்து இறுகும் இடத்தில் வலிமை குறைகிறது.

இனி, இரண்டு மழைக்காலத்தில் அது செய்த வேலை. பதினான்கு அடிக்கட்டைகளை இழுத்திருக்கிறது. செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. ஆயிரக்கணக்கில் நார்வேர்கள் ஒரு பெரிய பந்துபோல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மண்வாரி அதை அறுத்துப் புரட்டிய பிறகும் ஈரமண்ணோடு சேர்த்துப் பார்த்தால் பயங்கர பாரம். அதைக் குழியிலிருந்து வெளியே இழுக்கும்போது சங்கிலி முறுக்கேறி, நேராகி, சுருதி சேர்த்த கம்பிபோல் ஒரு சத்தம் கொடுக்கும். முதல் முறை அந்தச் சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது அந்தச் சத்தம் எனக்குப் பழகிய குரல். பின்வண்டியை எத்தனை முறை இழுத்தோம் என்று கணக்கில்லை. லோரியை நான்கு முறை. வெட்டிய தண்டுகளை மூன்று துண்டாக்கி இழுத்துப் போட்டதும் இதுதான்.

வெர்னியர் அளவுகோலை வைத்து வருடம் இரு முறை அளக்கிறேன். புதிதாக வாங்கிய அன்று பத்துக் கண்ணிகள் தொடர்ந்த நீளம் 300 மில்லிமீட்டர். இந்த ஜனவரியில் 301. ஐந்து விழுக்காடு நீண்டுவிட்டால், அதாவது 315 ஆனால், அந்தச் சங்கிலியின் கதை முடிந்தது, கழித்துவிட வேண்டும். கண்ணியும் கண்ணியும் உராயும் இடத்தில் தடிமன் 9 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் அப்படியே. என்னுடையதில் மிகத் தேய்ந்த இடம் 9.7. கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணிகள்தான் அதிகம் தேய்கின்றன; முதலில் அங்கே பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கறுப்புப் பூச்சு இரண்டு மாதத்திலேயே உரிந்துவிட்டது. களிமண்ணும் மணலும் அதைத் தேய்த்துத் தின்றுவிட்டன. முதல் வருடம் உரக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தேன், பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில். அந்த உரத்தில் இருக்கும் குளோரைடு இரும்புக்குப் பகை. மூன்றே மாதத்தில் சில கண்ணிகளில் அம்மைத் தழும்புபோல் துரு கிளம்பியது. தவறு என்னுடையது. இப்போது வீட்டின் பின்தாழ்வாரத்தில் தொங்குகிறது. குறுகிய வாய்க் கொக்கிக்குத் தடுப்பு நாக்கு கிடையாது. சங்கிலி தொய்ந்தால் கழன்று விழுந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் இறங்கி மாட்ட வேண்டியிருக்கிறது. சேறு உறைந்த சங்கிலியை வெறுங்கையால் பிடித்தால் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே தோல் சிக்கிக்கொள்ளும். என் இடது கை மோதிர விரலில் அடையாளம் இருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மிகப் பெரிய குறை, ஆறு மீட்டர் போதவில்லை. சுருக்குப் போட்டபின் டிராக்டருக்கும் குழிக்கும் இடையே மூன்றரை மீட்டர்கூட மிஞ்சுவதில்லை. மழையில் டிராக்டரும் அதே ஈரத்தில் நிற்க வேண்டியதாகிறது.

துருவைப் பற்றிப் பேசும்போது இதை விடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, அப்பா ரப்பர் பால் உறையவைக்க வைத்திருந்த பார்மிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் சங்கிலி வெள்ளியாகிவிடும் என்றார். பழைய ஜாடி ஒன்று இன்னும் இருந்தது. போடுவதற்கு முன் தவுக்கேக்குத் தொலைபேசியில் கேட்டேன். அவர் பதறிவிட்டார். இவ்வளவு கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் கிடந்தால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே பீங்கானாக இருக்கும். எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு நாள் தெறிக்கும் என்றார். அமிலம் வேண்டாம். கம்பித் தூரிகை, தண்ணீர், துணி, பழைய என்ஜின் எண்ணெய் போதும். பற்றவைப்பும் வேண்டாம், வெப்பம் காட்டவும் வேண்டாம்: வலிமையைக் கொடுத்ததே சூடுபடுத்திப் பதப்படுத்திய முறைதான், பட்டறைச் சூடு அதைக் கலைத்துவிடும். அன்று பட்டறைக்காரத் தம்பிக்கு நான் வேண்டாம் என்று சொன்னது காரணம் தெரியாமல்தான். தெரிந்துகொண்ட பிறகு அவருக்கும் போய்ச் சொன்னேன்.

ஏன் சங்கிலி, கம்பிவடமோ நைலான் கயிறோ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தபோது கம்பிவடம்தான். அறுந்த இழைகள் ஊசிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். மாலையில் அம்மா அப்பாவின் உள்ளங்கையிலிருந்து அதை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒருமுறை மடிந்து கோணினால் கம்பிவடம் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. நைலான் கயிறு நீளும். நீளும்போது ஆற்றலை வில்போல் தனக்குள் சேர்த்துவைக்கும், அறுந்தால் அத்தனையையும் ஒரே நொடியில் திருப்பி அடிக்கும். தார்ச்சாலையில் கார் இழுக்க அந்த நீட்சி உதவும். எங்கள் இடத்தில் மட்டை முள்ளும் வெட்டிய வேர் முனையும் ஒரே மாதத்தில் கயிற்றை அரித்துவிடும். ஆகவே எனக்குச் சங்கிலிதான்.

ஆனால் சங்கிலி நீளாது என்பதே அதன் ஆபத்தும். மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவன். 2022இல் தான் செய்ததைத் தானே கணக்குப் போட்டு எனக்கு எழுதிக் காட்டினான். 2.2 டன் டிராக்டர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. தொய்ந்த சங்கிலி இறுகி, பத்து சென்டிமீட்டருக்குள் டிராக்டர் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் சங்கிலியில் விழும் சராசரி விசை ஏறக்குறைய 5.5 டன். ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றால் 11 டன். மெதுவாக இழுக்கும்போது அதே டிராக்டர் ஈரமண்ணில் சக்கரம் வழுக்காமல் தன் எடையில் பாதியை இழுத்தாலே பெரிது. சாதாரணமாக இழுக்கும்போது ஒரு டன், வெட்டி இழுக்கும்போது, அதாவது தொய்யவிட்டு வேகம் எடுத்து இழுக்கும்போது, பதினொரு டன்! அந்தத் தாளை என்னிடம் கொடுக்கும்போது அவன் முகம் வெளிறியிருந்தது. கிரேடு 80 கூட அந்த அடிக்கு அருகில் போகக் கூடாது. நல்ல சங்கிலி வாங்கிவிட்டோம், இனி வெட்டி இழுக்கலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

இப்போது நாங்கள் செய்வது வேறு. லோரி புதைந்தால் முதலில் குலைகளை இறக்குகிறோம். ராணுவத்தில் புதைந்த வண்டிகளை மீட்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: சக்கரத்தின் குடம் வரை புதைந்த வண்டியை எடுக்க அதன் மொத்த எடைக்குச் சமமான இழுவை வேண்டும், மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. பாரத்தோடு ஐந்து டன் நிற்கும் லோரியை எங்கள் டிராக்டரால் நேர்மையாக இழுக்கவே முடியாது. முடியாததால்தான் எல்லோரும் வெட்டி இழுக்கிறார்கள். அதனால் இறக்குகிறோம், சக்கரத்துக்கு முன்னால் மண்ணைச் சரித்து வெட்டுகிறோம், மட்டையை அடுக்குகிறோம். அரை மணி நேரம் கூடுதலாகப் போகும். ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். கதவில் பள்ளம் விழுந்த அந்த லோரியின் தம்பி மட்டும் முதல் ஆளாக இறங்கிக் குலையைத் தூக்குகிறார்.

டிராக்டரில் சங்கிலியை மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்சக்கர அச்சுக்குக் கீழே, தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில் மட்டும்தான். உழுகருவி மாட்டும் மேல் தண்டிலோ அச்சிலோ மாட்டினால் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். ஒன்றரை வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. சங்கிலி இறுகியபின் யாரும் அதைத் தாண்டக் கூடாது, அதன் நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும், நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட வேண்டும். அறுந்தால் அந்தச் சாக்கு பறப்பதைத் தரைக்கு இழுக்கும். முடிச்சுப் போடக் கூடாது, முறுகிய கண்ணியை முறுகியபடியே இழுக்கக் கூடாது.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். எட்டரை மணிக்கு முன்னால் போனால் எதிரில் நிறுத்தலாம். கடன் கிடையாது, அட்டையும் வாங்க மாட்டார், ரொக்கம்தான். பேரம் பேசினால் ஐந்து வெள்ளிக்கு மேல் இறங்க மாட்டார். சங்கிலியை வட்டக் கல் இயந்திரத்தில் அறுத்துக் கொடுக்கச் சற்று நேரம் ஆகும். உட்கார முக்காலி ஒன்றுதான், கடையில் வேலை செய்யும் பையன் தேநீர் வாங்கித் தந்தான். வீட்டுக்காரர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கை சங்கிலி மாட்டும் என்று கேட்டு, என் கைக்குத் தகுந்த கையுறை எடுத்துக் கொடுத்தார். 2024இல் நான் இரண்டாம் முறை போனபோது பழைய கண்ணி எங்கே என்று விசாரித்தார். சன்னலில் இருக்கிறது என்றேன். வருகிறவர்களுக்குக் காட்டத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். இன்னும் கொடுக்கவில்லை.

நீளம் போதாத குறைக்கு அவரிடமே வழி இருக்கிறது. இன்னொரு மூன்று மீட்டர் அதே தொகுதியில் வாங்கி, கிரேடு 80 இணைப்புக் கண்ணி ஒன்றால் சேர்த்துக்கொள்ளலாம். அது இரண்டு பாதிகளை நடுவில் ஊசி அடித்துப் பூட்டுவது, பற்றவைப்பு வேண்டாம். அதிலும் 10-8 என்று இருக்கிறதா எனத் தொலைபேசியில் கேட்டேன். "இருக்கிறது அக்கா, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்" என்றார். எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் ஓரத்தில் நோய் பிடித்த மரங்கள் இன்னும் மூன்று நிற்கின்றன. மண்வாரி அடுத்த வாரம் வருகிறது. சனிக்கிழமை காலை மகனோடு போய் வாங்கி வர வேண்டும்.